இடிபாடுகளுக்குப் போகும் வழி

மாயர்களைப் பற்றி உலகம் சலிக்காமல் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. காட்டுக்குள் பெரும் நகரங்களைக் கட்டினார்கள், வெள்ளிக் கோளின் போக்கைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள், பிறகு மர்மமாக மறைந்துபோனார்கள். இதில் முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது பொய். ஒன்பதாம் நூற்றாண்டில் தெற்குத் தாழ்நில நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. நீண்ட வறட்சி, ஓயாத போர், மழையைக் கொண்டுவர முடியாத அரசர்கள் மேல் நம்பிக்கை அற்றுப்போனது என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நெடுங்கணக்கு என்னும் மாயர் நாட்காட்டி முறையில் தேதி பொறித்த கடைசிக் கல் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் உள்ள தோனினாவில் கிடைத்தது. அதன் ஆண்டு 909. அரசவைகள் கலைந்தன, மக்கள் கலைந்துவிடவில்லை. ஏறக்குறைய முப்பது மாய மொழிகளைப் பல லட்சம் பேர் இன்றும் பேசுகிறார்கள். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாய மொழிகள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன.

இவையெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும் தகவல்கள்தாம். நானும் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் படித்ததைக் கண்ணால் காண வைத்தது என் கையிருப்பின் குறைவு. மாயர் நகரங்களுக்கு எந்த வண்டியில் போகிறோம் என்பதைப் பொறுத்து நாம் காண்பதும் மாறிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

வழக்கமான சுற்றுலா கான்கூன் கடற்கரை விடுதியில் தொடங்குகிறது. குளிரூட்டிய பேருந்து நேராகச் சிச்சேன் இட்சா என்ற மாயர் நகரில் கொண்டுபோய் இறக்கிவிடும். பக்கத்துக்கு 91 படிகள் என நான்கு பக்கமும் ஏறும் பிரமிடு. மேல்தளத்தையும் ஒரு படியாக எண்ணினால் மொத்தம் 365, ஆண்டின் நாட்கள். வழிகாட்டி இதைச் சொல்லி முடிக்கும்போது எல்லோரும் வியந்து தலையாட்டுவார்கள். பிறகு சாப்பாடு, ஒரு குளியல், மாலைக்குள் மீண்டும் கடற்கரை. இந்தப் பயணத்தில் இருப்பவருக்கு மாயர் என்றால் இறந்தகாலம். பிரமிடைச் சுற்றிக் கைவினைப் பொருள் விற்பவர்கள் தங்களுக்குள் யுக்காத்தெக் மாயத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் குழுவுக்கு நேரம் குறைவு. அவர்கள் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

காசு குறைவாக உள்ளவருக்கு வேறு வழி திறக்கிறது. அங்கே கொலெக்தீவோ என்று அழைக்கப்படும் பகிர்வு வேன்தான் அந்த வழி. நம் ஊர் ஷேர் ஆட்டோ ஓடும் அதே முறையில் ஓடுவது. புறப்படும் நேரம் கிடையாது, ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பும். மெக்சிகோவின் பலெங்கே நகரிலிருந்து மாயர் இடிபாடுகளுக்கு எட்டு கிலோமீட்டர் தூரம். வேனில் என்னருகே மக்காச்சோள மாவு மூட்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் இரண்டு பேர், தொல்லியல் வளாகத்தின் உள்ளே தோல் அச்சுப் படங்களை விற்பவர்கள். ஓட்டுநரும் அவர்களும் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்கள். அது ஸ்பானிஷ் இல்லை. சோல் மொழி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அன்று நான் பார்க்கப் போன கல்வெட்டுகளை நினைத்தால் அது சிறியதல்ல. செவ்வியல் கால மாயக் கல்வெட்டுகளின் மொழி சோலன் கிளையின் பழைய வடிவம் என்பது இன்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. சோல் மொழியும், கோபான் என்ற மாயர் நகரின் பக்கத்தில் பேசப்படும் சோர்த்தி மொழியும் அந்தக் கிளையைச் சேர்ந்தவை. ஏழாம் நூற்றாண்டு அரசனின் எழுத்தர் உளியெடுத்துச் செதுக்கிய மொழியின் உறவினர்கள் அந்த வேனில் என் முழங்காலை இடித்தபடி உட்கார்ந்து விலைவாசி பேசிக்கொண்டு வந்தார்கள்.

பலெங்கேயில் கல்வெட்டுக் கோயில் என்று பெயர் பெற்ற பிரமிடின் அடியில் பக்கால் என்னும் அரசரின் கல்லறை இருக்கிறது. அவர் 603இல் பிறந்தார், பன்னிரண்டு வயதில் 615இல் அரியணை ஏறினார், 683இல் இறக்கும்வரை ஆண்டார். 1949இல் தொல்லியலாளர் அல்பெர்த்தோ ரூஸ் கோயில் தளத்தில் துளைகள் இட்ட ஒரு கற்பலகையைக் கவனித்தார். அதைப் பெயர்த்தால் கீழே இறங்கும் படிக்கட்டு. அது முழுக்க இடிகற்களால் வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருந்தது. அதை அள்ளி வெளியேற்றவே ஆண்டுகள் பிடித்தன. 1952இல்தான் கல்லறை அறை திறந்தது. சவப்பேழையின் மேல் பல டன் எடையுள்ள செதுக்கப்பட்ட மூடி. கண்டுபிடிப்பில் என்னை மிகவும் கட்டிப்போட்ட பகுதி அந்தப் படிக்கட்டின் ஓரமாக ஓடும் ஒரு கல் குழாய். கல்லறையிலிருந்து தொடங்கி மேலே கோயில் தளம்வரை போகிறது. படிகளை அடைத்தவர்கள் அந்தக் குழாயை மட்டும் திறந்து வைத்தார்கள். கீழே இருக்கும் முன்னோருக்கும் மேலே இருக்கும் பிள்ளைகளுக்கும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பது அதன் பொருள் என்று கருதப்படுகிறது.

1968இல் வெளிவந்த எரிக் ஃபான் டேனிக்கனின் புத்தகம் அந்தப் பேழை மூடியில் இருப்பது விண்கலம் ஓட்டும் மனிதன் என்றது. அந்தக் கற்பனை உலகெங்கும் பரவி எத்தனையோ மொழிகளின் வார இதழ்களில் ஏறியது. உண்மையில் அதில் இருப்பது பாதாளத்தின் வாயும், அதிலிருந்து எழும் உலக மரமும், மக்காச்சோளக் கடவுளின் தோற்றத்தில் பக்காலும். விண்வெளிக்காரர் கதையை நான் வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கல்லைச் செதுக்கியது அந்த வேன் ஓட்டுநரின் முன்னோர் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களுக்கு அது வசதியான கதை. மறைந்துபோன மாயர் என்ற கதையும் இதே வசதியைத்தான் தருகிறது. வாரிசு இல்லை என்று சொல்லிவிட்டால் சொத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டதற்குச் சாட்சி யாஷ்சிலான் என்ற மாயர் நகரம். அங்கே போகச் சாலை கிடையாது. மெக்சிகோவையும் குவாத்தமாலாவையும் பிரிக்கும் உசுமசிந்தா ஆற்றங்கரையில் ஃப்ரொன்த்தேரா கொரோசால் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து லாஞ்சா எனப்படும் நீண்ட மோட்டார் படகில் ஆற்றோடு போக வேண்டும். கட்டணம் படகுக்கு, ஆளுக்கு இல்லை. தனியாகப் போகிறவர் முழுப் படகுக்கும் கொடுக்க வேண்டும், அல்லது பங்குபோட ஆள் வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். அந்த ஊர் சோல் மக்களின் குடியிருப்பு. படகுகள் அவர்களுடையவை. காத்திருக்கும் நேரத்தில் படகுக்காரர்கள் மழை பற்றியும் ஆற்றின் மட்டம் பற்றியும் பேசினார்கள். எந்த மாதத்தில் எந்த மணல்திட்டு தலைகாட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

யாஷ்சிலானின் சிறப்பு வாயில்களின் மேல்விட்டக் கற்கள். அவற்றில் மிகப் புகழ்பெற்ற ஒன்றில் அரசன் தீப்பந்தம் பிடித்து நிற்கிறான். எதிரே மண்டியிட்ட அரசி, முள் பதித்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். அவள் அணிந்திருக்கும் ஆடையின் நெசவுக் கோலம்கூட இழை இழையாகத் தெரியும்படி செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல் இப்போது யாஷ்சிலானில் இல்லை. 1880களில் ஆங்கிலேய ஆய்வாளர் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில், நுழைவுக் கட்டணம் இல்லாமல், யாரும் பார்க்கலாம். லண்டன்வரை வந்து சேரக்கூடிய யாரும் என்று அதைத் திருத்திச் சொல்ல வேண்டும். கொரோசாலின் படகுக்காரர்கள் பயணிகளை ஏற்றிப்போய்க் காட்டுவது அந்தக் கல் எடுக்கப்பட்ட வாயிலை.

எல்லை கடந்து குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதிக்கு வந்தால் ஏரிக்குள் ஒரு தீவு, ஃப்ளோரெஸ். விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த சிற்றூர். ஒருகாலத்தில் இது இட்சா மாயர்களின் தலைநகரமான நோஹ்பெத்தேன். மெக்சிகோ நகரம் ஸ்பானியரிடம் விழுந்தது 1521இல். இந்தத் தீவு விழுந்தது 1697இல். கடைசி மாய அரசு அதுவரை தன் கோயில்களோடும் நூல்களோடும் சுதந்திரமாக இருந்தது. அன்று விழுந்த ஊரின் மேல்தான் இன்றைய பயணி மலிவான அறை தேடி அலைகிறார்.

ஃப்ளோரெஸிலிருந்து திகால் சுமார் 65 கிலோமீட்டர். திகாலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் மேலிருந்து பார்த்தால் காட்டின் கூரைக்கு மேலே மற்றக் கோயில்களின் உச்சிகள் மட்டும் தெரியும். விடிவதற்கு முன் ஊளைக் குரங்குகளின் கர்ஜனை கேட்கும். இரண்டும் கேள்விப்பட்டபடியே பெரியவை. ஆனால் சுற்றுலா வேனில் போகிறவர்கள் திகாலோடு திரும்பிவிடுவார்கள். உள்ளூர்ப் பேருந்து அதற்கு மேலும் 23 கிலோமீட்டர் மண்சாலையில் போய் உவஷக்துன் என்ற ஊரில் நிற்கிறது.

உவஷக்துன் என் பயணத்தின் நடுப்புள்ளி. ஊரின் நடுவே நீண்ட புல்வெளி, பழைய விமான ஓடுதளம். சூயிங்கம் செய்யப் பயன்படும் சிக்லே பாலைக் காட்டு மரங்களில் கீறி எடுத்து விமானத்தில் அனுப்பிய காலத்தின் மிச்சம். இப்போது அதில் குதிரைகள் மேய்கின்றன, சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். ஓடுதளத்தின் இருபுறமும் வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் கோயில்கள். அங்கே ஒரு பிரமிடின் முன் நின்று கிழக்கே பார்த்தால் எதிரில் மூன்று சிறு கட்டடங்கள். சம இரவு நாட்களில் நடுக் கட்டடத்துக்கு நேராகவும், கதிர்த்திருப்ப நாட்களில் ஓரக் கட்டடங்களுக்கு நேராகவும் சூரியன் எழும். இந்த அமைப்பைத் தொல்லியலாளர் ஃபிரான்ஸ் ப்ளோம் 1924இல் இங்கேதான் கண்டறிந்தார். பிறகு மாய நிலமெங்கும் இதேபோன்ற அமைப்புகள் கிடைத்தன. வேலி கிடையாது, கூட்டமும் கிடையாது. சுள்ளி பொறுக்கிவந்த ஒரு மூதாட்டி அந்தப் பிரமிடின் பக்கவாட்டுப் பாதை வழியாகத் தலைச்சுமையோடு வீட்டுக்குப் போனார். இடிபாடு என்ற சொல்லைச் சொல்லவே அங்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மாயர் அல்லர். சிக்லே எடுக்க வந்த பலதரப்பட்டவர்களின் சந்ததி அவர்கள். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள காட்டைப் பேணி அதன் விளைச்சலை எடுக்கும் உரிமையை அரசிடமிருந்து அவர்கள் கூட்டாகப் பெற்றிருக்கிறார்கள். பூங்கொத்து கட்டப் பயன்படும் ஷாத்தே ஓலை, மசாலாவுக்கான பிமென்தா, அளவாக வெட்டும் மரம் ஆகியவை அவர்களின் பிழைப்பு. அவர்கள் இருப்பதால்தான் அங்கே காடு நிற்கிறது, கற்களும் திருடர் கைக்குத் தப்பி நிற்கின்றன. ஊரிலேயே தங்கி, அவர்கள் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டு, அவர்களில் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொள்வது சுற்றுலா நிறுவனத்தின் பொதியைவிட மிகக் குறைவான செலவு. அந்தக் காசு முழுவதும் அந்த ஊரில் தங்கிவிடுகிறது.

தெற்கே மோத்தகுவா பள்ளத்தாக்கில் கிரிகுவா என்ற மாயர் நகரம். அட்லாண்டிக் துறைமுகத்துக்குப் போகும் நெடுஞ்சாலைப் பேருந்தில் ஏறி, நடத்துநரான ஆயுதாந்தேயிடம் சொல்லிவைத்தால் பிரிவுச் சாலையில் இறக்கிவிடுவார். அந்தப் பேருந்துகள் அமெரிக்காவில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றி ஓய்ந்தவை. இங்கே வந்து கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசிக்கொண்டு மறுவாழ்வு பெறுகின்றன. இறங்கிய இடத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். நிற்கும் ஆட்டோ நம் ஊர் பஜாஜ். நான் நடந்தேன்.

இரு பக்கமும் வாழைத் தோட்டம். கண்ணுக்கு எட்டியவரை ஒரே இன வாழை. ஒவ்வொரு குலைக்கும் நீல நிற பிளாஸ்டிக் உறை. தோட்டத்தின் ஊடே தலைக்கு மேலாக ஒரு கம்பிவடம் சாலையைக் குறுக்கே கடக்கிறது. அதில் கொக்கிகளில் தொங்கியபடி குலைகள் வரிசையாக வந்தன, இடுப்பில் வார்ப்பட்டை கட்டிய ஒரு தொழிலாளி அவற்றை இழுத்தபடி நடந்தார். வரிசை சாலையைக் கடக்கும்வரை லாரி, மிதிவண்டி, நான் எல்லோரும் நின்றோம். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

இந்த நிலமெல்லாம் 1910 வாக்கில் யுனைட்டட் ஃப்ரூட் கம்பெனி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு வந்தது. கம்பெனி இடிபாட்டைச் சுற்றிக் கொஞ்சம் காட்டை மட்டும் விட்டுவைத்து மற்றதை வாழையாக்கியது. 1952இல் குவாத்தமாலா அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, பயிரிடாமல் கிடந்த நிலங்களைக் கையகப்படுத்தி விவசாயிகளுக்குக் கொடுத்தார். அதில் கம்பெனி நிலமும் அடக்கம். 1954இல் அமெரிக்க உளவுத்துறை ஏற்பாடு செய்த கவிழ்ப்பில் அவர் பதவி இழந்தார். 1960இல் உள்நாட்டுப் போர் மூண்டது, 1996இல்தான் ஓய்ந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர் என்றது ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை அறியும் ஆணையத்தின் 1999 அறிக்கை. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயர்கள். மறைந்துபோனார்கள் என்ற சொல்லை மாயர்கள் விஷயத்தில் உண்மையாகவே பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். அது ஒன்பதாம் நூற்றாண்டில் நடக்கவில்லை. நம் காலத்தில், துப்பாக்கி முனையில் நடந்தது.

தோட்டம் முடியும் இடத்தில் மரங்கள் உயர்கின்றன. உள்ளே ஓலைக் கூரைகளின் கீழ் மணற்கல் தூண்கள். அவற்றில் ஒன்றின் மொத்த நீளம் 10.6 மீட்டர், எடை சுமார் 65 டன். மாயர்கள் நிறுத்தியவற்றில் மிகப் பெரிய கல் இது. 771இல் நாட்டப்பட்டது. அதன் இரு பக்கமும் நிற்பது காக் திலியு என்ற அரசன். கோபான் பேரரசனால் 725இல் முடிசூட்டப்பட்ட சிற்றரசன் அவன். 738இல் அதே பேரரசனைச் சிறைபிடித்துத் தலையை வெட்டினான். அடங்கிக் கிடந்த ஊர் தன் வெற்றியை இத்தனை உயரமாக எழுதிவைத்தது. பக்கத்துத் தூண் ஒன்று இன்னும் பின்னோக்கிப் போய், கி.மு. 3114இல் இந்த உலகம் தொடங்கியபோது தெய்வங்கள் மூன்று கற்களை நாட்டியதைப் பதிவு செய்கிறது. அந்தத் தூண்களின் முன் அன்று நானும் இரண்டு துப்புரவுப் பணியாளர்களும் மட்டுமே இருந்தோம். அவர்கள் ஒரு தூணின் அடியில் சேர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வாழைத் தோட்டத்தின் வழியே நடந்து வராமல் இருந்திருந்தால், நான் அந்தத் தூணை மட்டும்தான் பார்த்திருப்பேன்.

சிக்கனப் பயணத்தைப் புகழ்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போகிறவருக்கு விமானச் சீட்டே பெரிய தொகை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை என்பதுகூட ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்குக் கிடைக்கும் வசதி. அப்படிப் போய் இறங்கியவர் குவாத்தமாலாவில் கைக்குட்டை விற்கும் சிறுமியிடம் அந்நாட்டு நாணயமான கெட்சாலில் ஐந்துக்குப் பேரம் பேசி வென்றதைச் சாதனையாகச் சொல்லும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்தக் கைக்குட்டையில் ஒரு தாயின் பல மாலைப் பொழுதுகள் இருக்கின்றன. வேலி ஓட்டை வழியாக நுழைந்து கட்டணத்தை மிச்சப்படுத்துவதும் அப்படியே. திகாலில் நான் போனபோது வெளிநாட்டவருக்கு 150 கெட்சால், குவாத்தமாலா மக்களுக்கு 25. மெக்சிகோவின் அரசுத் தொல்லியல் வளாகங்களில் ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டு மக்களுக்கு இலவசம், நமக்கு இல்லை. இதைப் பாரபட்சம் என்று முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தா வீட்டுக்குப் போகப் பேரனிடம் விருந்தாளிக்கு உள்ள கட்டணத்தை வாங்குவதுதான் பாரபட்சம். பேரனிடம் எந்தக் கட்டணமும் வாங்காமலிருப்பதே முறை என்பேன்.

நான் எனக்காக வகுத்துக்கொண்ட கணக்கு எளிமையானது. தரகருக்குப் போகும் காசை மிச்சம் பிடிக்கலாம், கைகளுக்குப் போகும் காசில் கைவைக்கக் கூடாது. பொதுப் பேருந்தில் போகலாம், ஊருக்குள் தங்கலாம், கோமெதோர் எனப்படும் சிறு உணவகத்தில் எல்லோரும் சாப்பிடும் பீன்ஸும் சுடச்சுட தொர்த்தியாவும் சாப்பிடலாம், பத்து இடங்களுக்குப் பதில் நான்கை மட்டும் பார்க்கலாம். படகோட்டிக்கும், வழிகாட்டிக்கும், சமைத்தவருக்கும், நெய்தவருக்கும் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். வளாகக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்த வேண்டும். இப்படிச் செய்தும் மொத்தச் செலவு பொதிச் சுற்றுலாவை எட்டுவதில்லை. ஏனென்றால் பொதியில் பெரும்பங்கு நம்மை அந்த ஊர் மனிதர்களிடமிருந்து விலக்கி வைப்பதற்கான செலவுதான்.

காசைப் போலவே எழுத்தும் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்பானியத் துறவி தியேகோ தெ லாந்தா 1562இல் மானி என்ற ஊரில் மாயர் நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். எரிந்தும் சிதைந்தும் போனவை போக இன்று நான்கே நூல்கள் எஞ்சியிருக்கின்றன. எழுத்தை வாசிக்கும் திறனும் அற்றுப்போனது. 1952இல் ரஷ்யரான யூரி க்னோரொசோவ் அந்த எழுத்துகள் ஒலிகளையும் குறிப்பவை என்று காட்டினார். 1960இல் தாத்தியானா ப்ரொஸ்கூரியாக்கோஃப் கல்வெட்டுகள் அரசர்களின் உண்மையான வரலாற்றைச் சொல்பவை என்று நிறுவினார். கற்கள் மீண்டும் பேசத் தொடங்கின. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். 1980களின் இறுதியில் மாய எழுத்து ஆய்வாளர்களான லிண்டா ஷீலும் நிக்கோலாய் க்ரூபும் குவாத்தமாலாவில் மாய மொழி ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் அந்த எழுத்தைக் கற்பிக்கும் பட்டறைகளை நடத்தினார்கள். லாந்தாவின் நெருப்புக்குப் பிறகு தங்கள் எழுத்தைத் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்த மாயர்கள் அங்கே உருவானார்கள். இன்று அவர்களின் மாணவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மாயர் நகரங்களுக்குப் போக விரும்பும் ஒவ்வொருவருக்கும் இதை நினைவூட்ட விரும்புகிறேன். நாம் போவது உரிமையாளர் செத்துப்போன வீட்டுக்கு அல்ல. உரிமையாளர் அங்கேயே இருக்கிறார். சில சமயம் வாசலில் சீட்டு கிழிக்கிறார், சில சமயம் பக்கத்து வாழைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார், சில சமயம் கோபானின் சோர்த்தி மக்களைப் போல நிலம் கேட்டுப் போராடுகிறார். அவரைக் கடந்து போய்க் கல்லை மட்டும் பார்த்துவருவது முழுமையான பயணம் ஆகாது. அவருடைய பேருந்தில் ஏறினால் அந்தத் தவறு நேர வாய்ப்பில்லை.